சூப்பர் ஹீரோ போட்டி நடத்தப் போகிறோம்: அழுகிற பிள்ளைச் சோதனையை வைப்பதா?

கல்லடி வாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வருகிற ஓகஸ்ட் விடுமுறையில் மட்டக்களப்பில் எங்கள் கழகத்தில் 14 முதல் 18 வயது வரையான பிள்ளைகளுக்கு ஒரு போட்டி வைக்கலாம் என்று கதைத்திருக்கிறோம். ஒவ்வொருவரும் தானே ஒரு சூப்பர் ஹீரோவை உருவாக்க வேண்டும். ஸ்பைடர்மேன், பேட்மேன் என்று ஏற்கெனவே உள்ளவர்கள் கூடாது. பெயர், உடுப்பு, சக்தி, அது எப்படி வந்தது, யாருக்கு உதவும், எல்லாம் பிள்ளையின் சொந்தக் கற்பனை. மூன்று கிழமை அந்த வேடத்தோடு வந்து போக வேண்டும். வெல்கிறவரின் ஹீரோவை வைத்து 16 பக்கத்தில் ஒரு சித்திரக்கதை அச்சடித்துக் கொடுப்போம். அச்சுச் செலவுக்கு ஆள் கிடைத்துவிட்டது.

யோசனை எங்களுடையது இல்லை. 2006-இல் அமெரிக்காவில் சை-ஃபை சேனலில் ‘ஹூ வாண்ட்ஸ் டு பி எ சூப்பர் ஹீரோ’ என்று ஒரு ரியாலிட்டி நிகழ்ச்சி வந்தது. ஸ்பைடர்மேனை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்டான் லீ நடத்தினார். அப்போது அவருக்கு 83 வயது. போட்டியாளர்கள் எல்லாம் சாதாரண மனிதர்கள். தாங்களே யோசித்த ஹீரோவாக வேடம் கட்டி, ஒரே வீட்டில் தங்கினார்கள். முதல் வருடம் வென்றது ஃபீட்பேக் என்ற ஹீரோ. ஆள் மென்பொருள் வேலை செய்கிறவர். அவருடைய ஹீரோவை டார்க் ஹோர்ஸ் நிறுவனம் சித்திரக்கதையாக வெளியிட்டது. 2007-இல் மெகா ஸ்நேக் என்ற தொலைக்காட்சிப் படத்திலும் அந்த வேடத்தோடு வந்தார்.

என்னைப் பிடித்து நிறுத்தியது முதல் நாள் சோதனை. மக்கள் நடமாடும் இடத்தில் யாரும் பார்க்காமல் உடுப்பு மாற்றி, ஓடிப்போய் முடிவிடத்தைத் தொட வேண்டும் என்று சொல்லி விடுகிறார்கள். எல்லாரும் வேகத்துக்குத்தான் புள்ளி என்று நினைக்கிறார்கள். ஆனால் ஓடும் வழியில் ஒரு சின்னப் பிள்ளை அம்மாவைக் காணவில்லை என்று அழுதுகொண்டு நிற்கும். உண்மையான சோதனை அந்தப் பிள்ளைதான். சிலர் நின்றார்கள். மற்றவர்கள் பக்கத்தாலேயே ஓடிப் போய்விட்டார்கள்.

இதை எங்கள் போட்டியிலும் வைக்க வேண்டும் என்று கழகத்தில் பாதிப் பேர் சொல்கிறார்கள். கல்லடிக் கடற்கரையில் ஓட்டம் வைத்து, நடுவில் ஒரு பிள்ளையை நிறுத்தலாம் என்பது திட்டம். எனக்கும் முதலில் பிடித்துத்தான் இருந்தது. இரண்டு நாளாக மனது ஒத்து வரவில்லை. உங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லுங்கள். உடுப்பு, வெளியேற்றம் பற்றியும் கதைப்போம்.

---

ஸ்காபரோ மட்டக்களப்பான் எழுதியது:

தங்கச்சி, இந்த நிகழ்ச்சியை நான் இங்கே கனடாவில் அந்த நேரமே பார்த்தவன். இரவு வேலையால் வந்து, சோற்றுக் கோப்பையோடு உட்காருவேன். முதலில் வேடிக்கைக்காகத்தான் பார்த்தேன், மறுகா விட முடியவில்லை.

சோதனையைக் கட்டாயம் வையுங்கள். அந்த நிகழ்ச்சிக்கு உயிரே அதுதான். அது இல்லாவிட்டால் மாறுவேடப் போட்டி ஆகிவிடும். அது எங்கள் பாலர் பாடசாலையிலேயே நடக்கிறது.

நாய்ச் சோதனை என்று ஒன்று இருந்தது. உடுப்புக்குள் கடிதாங்கும் அங்கியைப் போட்டுக்கொண்டு, பயிற்சி கொடுத்த நாய்கள் பாய்ந்து வரும் முற்றத்தைத் தாண்டிப் போக வேண்டும். முடியாவிட்டால் ஒரு சொல் சொன்னால் போதும், நாய்களைப் பிடித்துவிடுவார்கள். மங்கி வுமன் என்று ஒரு பெண். நாய்கள் அவளை நிலத்தில் இழுத்து விழுத்துகின்றன. எழும்புகிறாள், திரும்ப இழுக்கின்றன. ஊர்ந்து ஊர்ந்து எவ்வளவு நேரம்! அந்தச் சொல்லை மட்டும் அவள் சொல்லவே இல்லை. அன்றைக்கு என் சோறு கோப்பையிலேயே காய்ந்து போனது.

அயர்ன் என்ஃபோர்சர் என்று இன்னொருவர். பெரிய உடம்பு, கையில் பெரிய துவக்கு. கெட்டவர்களைக் கொல்லுவேன் என்கிற மாதிரி இருந்தது அவருடைய போக்கு. ஹீரோ கொல்வதில்லை என்று ஸ்டான் லீ அவரை வெளியேற்றினார். பிறகு கூப்பிட்டு, நீ இனி வில்லன் என்று டார்க் என்ஃபோர்சர் ஆக்கினார். ரொட்டியார்ட் என்று ஒருவர் போட்டியாளர் மாதிரியே உள்ளே இருந்தார். அவர் உளவாளி. அந்தப் பெயரின் ஆங்கில எழுத்துகளைத் தலைகீழாக வாசித்தால் துரோகி என்று வரும்.

கிழவர் ஸ்டான் லீ நேரில் வருவதே குறைவு. பெரும்பாலும் தொலைக்காட்சித் திரைகளில் முகம் தெரியும், அதிலிருந்து கதைப்பார். வெளியேற்றம் கூரை உச்சியில், இரவில் நடக்கும். ‘உன் உடுப்பைக் கழற்றிக் கொடு’ என்று அவர் சொல்லும்போது அந்த மனிதர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். வளர்ந்த ஆட்கள், உண்மையாகவே அழுவார்கள். உடுப்புத்தானே என்று அவர்கள் நினைக்கவில்லை.

---

வந்தாறுமூலைக் கூத்தன் எழுதியது:

உடுப்பைக் கழற்றச் சொன்னால் அழுவார்கள்தான். அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. வேடம் கட்டியவனுக்குத் தெரியும்.

பன்னிரண்டு வயதில் நான் முதல் வடமோடிக் கூத்துக்குப் போனேன். வடமோடி எங்கள் பக்கத்துக் கூத்து வகைகளில் ஒன்று. எங்களுக்குக் கூத்து ஒரு இரவில் தொடங்கி ஒரு இரவில் முடிகிற காரியம் இல்லை. சட்டம் கொடுத்தல் என்று ஒரு நாள். அன்றைக்குத்தான் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஆள் ஆளாகப் பார்த்து, குரல் கேட்டு, இன்னாருக்கு இன்ன வேடம் என்று பாட்டுகள் எழுதிய கொப்பியைக் கையில் தருவார். மறுகா மாதக்கணக்கில் பழக்கம். சதங்கை அணிதல் ஒரு நாள். கிழமைக் கூத்துகள். முழுக் கூத்தையும் ஒத்திகை பார்க்கிற அடுக்குப் பார்த்தல். அதற்கெல்லாம் பிறகுதான் அரங்கேற்றம். விடிய விடிய ஆட்டம். களரியைச் சுற்றி நான்கு பக்கமும் ஊர் இருக்கும்.

எனக்கு அருச்சுனன் வேண்டும். கிடைத்தது, அரசன் வரவைக் கூவிச் சொல்கிற கட்டியகாரன். அண்ணாவியார் வீட்டு வேலிக்குப் பின்னால் நின்று அழுதேன். அப்பா வந்து ஒன்றும் சொல்லவில்லை, கொப்பியை வாங்கி, முதல் விருத்தத்தை அவரே பாடிக் காட்டிவிட்டுப் போனார்.

கல்லடி டீச்சர், உங்கள் பிள்ளைகள் வேடத்தை முதல் நாளே முழுசாகக் கட்டிக்கொண்டு வந்து நிற்க வேண்டுமா? அந்த அமெரிக்க நிகழ்ச்சியில் அப்படித்தான் இருந்திருக்கும், தொலைக்காட்சிக்கு நேரம் இல்லை. எங்களுக்கு மூன்று கிழமை இருக்கிறது. முதல் கிழமை உடுப்பே வேண்டாம். நடையை மட்டும் பழகட்டும். வடமோடியில் அரசன் ஆடுகிற தாளக்கட்டு வேறு, பெண் வேடத்தின் தாளக்கட்டு வேறு. அண்ணாவியார் மத்தளத்தில் வரவுத் தாளத்தைத் தட்டினாலே உள்ளே வரப்போவது யார் என்று கிழவிகள் சொல்லிவிடுவார்கள். ஒரு பிள்ளையின் ஹீரோ எப்படி நடக்கிறான், எப்படி நிற்கிறான், வந்தவுடன் தன்னை யார் என்று என்ன பாட்டில் சொல்கிறான்? இதை வைத்தே பாதிப் புள்ளி கொடுக்கலாம்.

அழுகிற பிள்ளைச் சோதனை பற்றி என்னிடம் முடிவு இல்லை. பிறகு எழுதுகிறேன்.

---

களுவாஞ்சிகுடி அம்மா எழுதியது:

என் மகனுக்கு 15 வயது. இந்தப் போட்டி என்றால் கட்டாயம் வருவான். ஆகவே இது எனக்குப் பொதுக் கதை இல்லை.

என் மகன் ஓடும்போது நிற்காத ஆள். கெட்டவன் இல்லை, ஓட்டம் என்றால் கண் கடைசிக் கோட்டில்தான் இருக்கும். அந்தப் பிள்ளை அழுவது அவனுக்குக் கேட்காமலே போகலாம். அதை வீடியோ எடுத்து, மாலையில் எல்லாருக்கும் முன் போட்டுக் காட்டி, நீ நிற்கவில்லை, உன் உடுப்பைக் கழற்று என்றால் என்ன ஆகும்? கனடாவில் இருக்கும் அண்ணன் அதை நல்ல நிகழ்ச்சி என்று பார்ப்பார். நான் அவனோடு அடுத்த நாள் ஒரே வீட்டில் இருக்க வேண்டும். அவன் அந்தத் தெருவால்தான் பள்ளிக்குப் போக வேண்டும்.

அமெரிக்காவில் வந்தவர்கள் பெரிய ஆட்கள், கையெழுத்துப் போட்டு வந்தவர்கள். பிள்ளைகளை ஏமாற்றி அவர்களுடைய குணத்தை அளப்பதற்கு எங்களுக்கு உரிமை இருக்கிறதா என்று கேட்கிறேன். கோபத்தில் கேட்கவில்லை.

---

ஸ்காபரோ மட்டக்களப்பான் எழுதியது:

அக்கா, ஒன்று மட்டும் சொல்கிறேன். பிள்ளைகளை வைத்தும் இதைச் செய்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் பிபிசியின் சிறுவர் சேனல் 2009-இல் இதே நிகழ்ச்சியைப் பிள்ளைகளைக் கொண்டு நடத்தியது. அதிலும் ஸ்டான் லீ இருந்தார். ஆகவே செய்யவே கூடாத காரியம் என்று இல்லை.

உங்கள் மகனின் வீடியோவை யாருக்கும் காட்டக் கூடாது என்பது சரி. அதை நான் ஏற்கிறேன்.

---

ஆரையம்பதி பத்தாம் ஆண்டு எழுதியது:

நான் போட்டிக்கு வரப் போகிறவள், ஆகவே எழுதலாமா தெரியவில்லை. டீச்சர், இதை வாசித்தபடியால் எனக்கு இப்போது அந்தச் சோதனை தெரியும். ஓடும்போது கட்டாயம் நிற்பேன். அப்படி நின்றால் அதற்குப் புள்ளி போடுவீர்களா?

மற்றது, தோற்றால் தோற்றது என்று சொல்லிவிடுங்கள். எல்லாருக்கும் பரிசு என்று மட்டும் செய்ய வேண்டாம். எங்கள் வகுப்பில் எல்லாப் போட்டிக்கும் எல்லாருக்கும் சான்றிதழ் தருகிறார்கள். என்னிடம் பதினொன்று இருக்கிறது. எதற்குத் தந்தார்கள் என்று இரண்டுக்குத்தான் ஞாபகம்.

என் ஹீரோ யார் என்று இங்கே சொல்ல மாட்டேன். ஆனால் அவளால் பறக்க முடியாது. அது பிரச்சினையா?

---

நாவலடி எழுதியது:

இந்த இழையை நேற்று இரவு வாசித்தேன். எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் படுத்தேன். விடியவும் எழுதுவது என்று எழும்பினேன்.

கல்லடிக் கடற்கரையில், தாயைக் காணவில்லை என்று ஒரு பிள்ளை அழுதுகொண்டு நிற்கப் போகிறது என்கிறீர்கள். டீச்சர், நீங்கள் நல்ல மனதோடுதான் யோசித்திருப்பீர்கள். உங்களுக்கே இரண்டு நாளாக மனது ஒத்து வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் ஒத்து வரவில்லை என்று நான் சொல்கிறேன்.

நாவலடி என்றால் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, நடுவில் ஒடுங்கின ஒரு துண்டு நிலம். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு 19 வயது. நான் வாவிப் பக்கம் தோணியில் நின்றேன். அதனால்தான் இருக்கிறேன். அன்றைக்கு மத்தியானம் வரை ஆட்களை ஏற்றி இறக்கினோம். மறுகா முகாம். அங்கே ஒரு பெட்டைப் பிள்ளை, நாலு வயது இருக்கும். அம்மா என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு ஒன்றும் சொல்லத் தெரியாது. தன் பெயரும் வரவில்லை. மூன்று நாள் ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு நடந்தோம். யாராவது இது எங்கட பிள்ளை என்று சொல்ல மாட்டார்களா என்று வரிசை வரிசையாகக் காட்டிக்கொண்டு திரிந்தோம்.

உங்கள் ஓட்டத்தில் ஓடுகிற பிள்ளைகளுக்கு அது தெரியாது. அவர்கள் பிறகு பிறந்தவர்கள். ஆனால் அந்தக் கடற்கரையில் கடலை விற்கிற அம்மா இருப்பார். வலை இழுக்கிற ஆட்கள் இருப்பார்கள். பின்னேரம் காற்று வாங்க வந்த தாத்தா இருப்பார். அந்த அழுகை போட்டிக்கு என்று அவர்களுக்கு யார் சொல்வது? சொன்னாலும் காது கேட்குமா? முதலில் ஓடி வருவது உங்கள் போட்டியாளர்களாக இருக்க மாட்டார்கள். அந்தக் கரையில் நிற்கிற எங்கள் சனம் முழுவதும் ஓடி வரும். நானும் ஓடி வருவேன்.

வேறு எந்தச் சோதனையும் வையுங்கள். நாயை விடுங்கள், கயிற்றில் ஏற்றுங்கள். இது வேண்டாம்.

---

ஸ்காபரோ மட்டக்களப்பான் எழுதியது:

தம்பி, மன்னித்துக்கொள். நான் 1990-இல் வெளிக்கிட்டவன். கடல் வந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தவன். கல்லடிக் கடற்கரை என்று டீச்சர் எழுதியதை வாசித்தபோதும் எனக்கு இது தோன்றவே இல்லை. அழுகிற பிள்ளை வேண்டாம். என் சொல்லைத் திருப்பி வாங்குகிறேன்.

---

மருதமுனை நானா எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். தம்பி நாவலடி எழுதியதற்குப் பிறகு அந்த விஷயத்தில் நான் சொல்ல ஒன்றும் இல்லை. எங்கள் ஊரிலும் அந்தக் காலை அப்படித்தான்.

நான் உடுப்புப் பற்றிச் சொல்கிறேன். அதில் கொஞ்சம் தெரியும், எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தறி.

சூப்பர் ஹீரோ என்றவுடன் பிள்ளைகள் போய் உடம்போடு ஒட்டுகிற பளபளப்பான பொலியெஸ்டர் துணி வாங்குவார்கள். ஓகஸ்ட் மாதம், கச்சான் காற்று அடிக்கிற நேரம், பகல் பதினொரு மணிக்கு அதைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் ஓடச் சொல்லுங்கள். மயங்கி விழும். வியர்வை வெளியே போக வழி இல்லாத துணி அது. பருத்தி நூல் கைத்தறித் துணி காற்று விடும், தோளில் நன்றாக விழும், விரித்துக்கொண்டு ஓடினால் அழகாகத் தூக்கும். அதன் ஓரத்தில் கரை போட்டு நெய்தால் தூரத்தில் இருந்தே யார் வருவது என்று தெரியும். எங்கள் சாரன் துணியிலேயே எத்தனை கோடு, எத்தனை கட்டம் இருக்கிறது. ஒவ்வொரு ஹீரோவுக்கும் ஒரு கரை வைக்கலாம். வெட்டு விழுந்த துண்டுகள், நீளம் குறைந்த துண்டுகள் எங்களிடம் கிடக்கின்றன. பணம் வேண்டாம், தருகிறேன்.

முகமூடி போடுகிறவர்கள் இருபக்கமும் பார்வை தெரிகிற மாதிரிக் கண் ஓட்டையைப் பெரிதாக வெட்ட வேண்டும். நீளமான போர்வையைக் கழுத்தில் முடிச்சுப் போட்டுக் கட்ட வேண்டாம். எதிலும் மாட்டினால் கழுத்தை இறுக்கும். தோளில் இரண்டு பக்கமும் ஒட்டுப் பட்டி வைத்துத் தையுங்கள், இழுத்தால் கழன்று வர வேண்டும். எங்கள் பெண் பிள்ளைகளும் வருவார்கள், அவர்கள் ஸ்கார்ஃபோடுதான் வருவார்கள், முழுக்கைதான் போடுவார்கள். அதையும் ஹீரோ உடுப்பாகவே வடிவமைக்க இடம் கொடுங்கள். உடம்பை ஒட்டினால்தான் ஹீரோ என்று புள்ளித்தாளில் எங்கேயும் இருக்கக் கூடாது.

அந்த நிகழ்ச்சியின் இரண்டாம் வருடம் பசூரா என்று ஒரு ஹீரோ இருந்தாளாம், என் மகள் தேடிப் பார்த்துச் சொன்னாள். ஸ்பானிய மொழியில் குப்பை என்று பொருள். மகளுக்கு அவளைத்தான் பிடித்தது. எங்கள் கடற்கரையில் ஒதுங்குகிற போத்தல் மூடிகளைச் சேர்க்கத் தொடங்கிவிட்டாள். வீட்டில் ஒரு சாக்கு நிறைய இருக்கிறது.

---

பாண்டிருப்பு எழுதியது:

கூத்தன் அண்ணன் வேடத்தைப் பற்றிச் சொன்னதும் எனக்கு எங்கள் கோயில்தான் நினைவுக்கு வந்தது.

எங்கள் திரௌபதி அம்மன் கோயிலில் 18 நாள் சடங்கு. பாரதக் கதை முழுவதும் ஊருக்குள்ளேயே நடக்கும். பாண்டவர்களும் திரௌபதியும் எங்கள் ஊர் ஆட்கள். மேடை இல்லை. வனவாசம் போகிறார்கள் என்றால் ஊரின் தெருக்களால் நடந்து போவார்கள், சனம் பின்னால் போகும். தவநிலை அன்றைக்கு அருச்சுனன் உயரத்தில் ஏறுவதைப் பார்க்க எங்கெங்கோ இருந்து ஆட்கள் வருவார்கள். கடைசியில் தீமிதிப்பு. அந்த நாள்களில் அவர்கள் விரதம். சாப்பாடு, படுக்கை, பேச்சு எல்லாவற்றிலும் கட்டுப்பாடு. நேற்று வரை சைக்கிளில் என்னோடு வந்த மனிதரை அந்த நாள்களில் நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

ஆகவே ஒரு நிமிடச் சோதனை எனக்கு எப்போதும் போதாமல்தான் படுகிறது. ஓடும்போது ஒருவன் நின்றான், ஒருவன் நிற்கவில்லை. அந்த ஒரு நிமிடத்தை வைத்து ஆளைத் தீர்மானிப்பதா? 18 நாள் பாருங்கள். உங்களிடம் 21 நாள் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் ஹீரோவுக்குப் பொருத்தமான ஒரு வேலையைக் கொடுங்கள். உண்மையான வேலை, யாருக்காவது தேவையான வேலை. ஒரு வயதான ஆளுக்குத் தினமும் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது, சின்னப் பிள்ளைகளை மாலை வகுப்புக்குக் கூட்டிப் போவது, வாவிக் கரையில் ஒரு துண்டைத் துப்புரவாக வைத்திருப்பது. அதை வேடம் கட்டிக்கொண்டு செய்யட்டும். தெருவே பார்க்கும்.

---

ஸ்காபரோ மட்டக்களப்பான் எழுதியது:

பாண்டிருப்புத் தம்பி சொல்வது அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு இடத்தில் நான் இன்னும் ஒத்து வரவில்லை.

புள்ளி உண்டு என்று தெரிந்தால் எந்தப் பிள்ளையும் 21 நாள் தண்ணீர் எடுத்துக் கொடுக்கும். புள்ளி முடிந்த 22-ஆம் நாள்? அந்த நிகழ்ச்சியில் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்த நேரத்தில்தான் ஆளைப் பார்த்தார்கள். அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. லெவிட்டி என்று ஒருவர் முதலாவதாக வெளியே போனதும் அதனால்தான். தன் ஹீரோவை வைத்துப் பொம்மை விற்றுக் காசு பார்க்கலாம் என்று வாயால் சொல்லிவிட்டார்.

நான் அழுகிற பிள்ளையைக் கேட்கவில்லை. ஆனால் மறைவான ஏதோ ஒன்று வேண்டும்.

---

களுவாஞ்சிகுடி அம்மா எழுதியது:

அப்படியென்றால் 22-ஆம் நாளே போய்ப் பாருங்கள் அண்ணன். போட்டி முடிந்து, முடிவு சொல்வதற்கு முன் ஒரு கிழமை இடைவெளி விடுங்கள். வேலை முடிந்தது, இனிப் புள்ளி இல்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். அது பொய்யாகவும் இருக்கக் கூடாது, உண்மையாகவே புள்ளி இல்லை. யார் தொடர்ந்து போகிறார்கள் என்று அந்தத் தண்ணீர்க் கிழவிக்குத் தெரியும். அவர் சொன்னால் ஒரு தனிப் பரிசு. போகாதவனை யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

இதில் என் மகனை ஏமாற்றவில்லை. இது எனக்குச் சரி.

வில்லன் கதை பற்றியும் ஒன்று. வெளியேறுகிறவர்களை வில்லன் ஆக்கலாம் என்று யோசித்தால், அந்தப் பெயர் பிள்ளையோடு பள்ளிக்கும் போகும், பட்டப்பெயராக நிற்கும். கவனம்.

---

வந்தாறுமூலைக் கூத்தன் எழுதியது:

அக்கா, அதில் எனக்கு வேறு அனுபவம். எங்கள் பக்கம் துரியோதனனுக்கும் இராவணனுக்கும் ஆள் தேடுவதுதான் அண்ணாவியாருக்குப் பெரிய பாடு. குரல் வேண்டும், மூச்சு வேண்டும். கரப்புடுப்பு என்கிற பாரமான கூத்து உடையைத் தூக்கிக்கொண்டு சுழன்று ஆடப் பலம் வேண்டும். விடியப்புறம் நாலு மணிக்கும் குரல் உடையக் கூடாது. துரியோதனன் ஆடினவனை ஊரில் இன்றைக்கும் துரியோதனன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவனுடைய மகளின் கல்யாணக் கார்டிலேயே அடைப்புக்குள் அந்தப் பெயரைப் போட்டிருந்தான்.

தோற்றவனுக்கு வில்லன் என்று கொடுத்தால்தான் அது பட்டப்பெயர். முதல் நாளே, யாருக்கு வில்லன் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். பாதிக் கை எழும்பும் என்று நினைக்கிறேன்.

---

கல்லடி வாசி எழுதியது:

எல்லாருடைய எழுத்தையும் நேற்றுக் கழகக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். நாவலடித் தம்பியின் பதிவை வாசித்து முடிக்க என்னால் முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர் வாங்கி வாசித்தார். கூட்டத்தில் அந்தச் சோதனையை வேண்டும் என்று கேட்டவர்களே முதலில் எழும்பி வேண்டாம் என்றார்கள். எனக்கு ஏன் மனது ஒத்து வரவில்லை என்று எனக்கே சொல்லத் தெரியாமல் இருந்தது. தம்பி, நன்றி. நீங்கள் போட்டிக்கு நடுவராக வந்து இருக்க வேண்டும் என்று கேட்கிறேன். நாளைக்கு நேரிலும் வந்து கேட்பேன்.

ஓட்டம் இருக்கிறது. கடற்கரையில் இல்லை. காந்திப் பூங்காவில் தொடங்கி வாவியோரமாக. அதில் மறைவு ஒன்றும் இல்லை, உடுப்போடு ஓட முடிகிறதா என்று பார்ப்பதற்குத்தான். நானாவின் சொல்லைக் கேட்டு நேரத்தைக் காலை ஆறரை ஆக்கிவிட்டோம். கழுத்தில் முடிச்சு உள்ள போர்வை போட்டு வந்தால் ஓட விட மாட்டோம்.

முதல் கிழமை உடுப்பு இல்லை, நடையும் வரவும் மட்டும். கூத்தன் அண்ணன் மூன்று நாள் வந்து பழக்குவதாகச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு பிள்ளையும் தன் ஹீரோவின் வரவுப் பாட்டைத் தானே எழுத வேண்டும். நாலு வரி போதும்.

இரண்டாம் கிழமையில் இருந்து வேலை. யாருக்கு என்ன வேலை என்று பிள்ளையோடு இருந்து கதைத்துத்தான் தீர்மானிப்போம். அம்பாறைப் பக்கத்தில் இருந்து வருகிற ஒரு பொடியனின் ஹீரோவுக்கு யானை பாஷை தெரியும். அவனுடைய ஊரில் இரவில் வயல் பரணில் யானைக்குக் காவல் இருக்கிறார்கள், வெடி போடுகிறார்கள். இரவுக் காவலுக்கு ஒரு பிள்ளையை விட முடியாது. ஆகவே எந்த இரவு எந்தப் பக்கத்தால் யானை வந்தது என்று காலையில் கமக்காரரிடம் கேட்டு ஊருக்கு ஒரு வரைபடம் கீறி வைப்பது அவன் வேலை. அவனே சொன்ன யோசனை.

வெளியேற்றம் இருக்கிறது. பத்தாம் ஆண்டுத் தங்கச்சி கேட்டது நியாயம். புள்ளி போடுவோம், முடிவு சொல்வோம். ஆனால் வெளியேறுகிறவர் உடுப்பைக் கழற்ற மாட்டார். அது அவர் யோசித்தது, அவர் தைத்தது, அவரே வைத்திருக்கட்டும். வில்லன் விருப்பமானவர்களுக்கு முதல் நாளே கேட்போம். பலத்தை அளக்கிற இடமெல்லாம் அளப்போம், குணத்தை அளக்கிற இடத்தில் ஏமாற்ற மாட்டோம். 22-ஆம் நாள் யோசனையைக் கூட்டம் அப்படியே ஏற்றது. ஸ்காபரோ அண்ணன், நீங்கள் கேட்ட மறைவு இவ்வளவுதான். போதுமா?

---

ஸ்காபரோ மட்டக்களப்பான் எழுதியது:

முழுதாகப் போதாது. ஆனால் ஏற்கிறேன். அந்தத் தனிப் பரிசை நான் தருகிறேன். யார் தந்தது என்று சொல்ல வேண்டாம்.

---

ஆரையம்பதி பத்தாம் ஆண்டு எழுதியது:

டீச்சர், என் கேள்விக்குப் பதில் வரவில்லை. பறக்க முடியாவிட்டால் பரவாயில்லையா?

---

கல்லடி வாசி எழுதியது:

பரவாயில்லை. அந்த நிகழ்ச்சியிலேயே ஃபேட் மொமா என்று ஒருவர் இருந்தார். டோனட் சாப்பிட்டால் உடம்பு பெரிதாகும், அதுதான் சக்தி. கடைசி வரை வந்தவர்களில் ஒருவர். உன் ஹீரோவால் என்ன முடியும்?

---

ஆரையம்பதி பத்தாம் ஆண்டு எழுதியது:

சரி, சொல்கிறேன். யாரும் எடுக்கக் கூடாது.

அவள் பெயர் துடுப்பாள். வாவிக்குள் துடுப்பை விட்டு, மேல் நுனியைக் காதில் வைத்தால் தண்ணீருக்குள் நடக்கிறது எல்லாம் கேட்கும். யார் மூழ்குகிறார்கள், எங்கே வலை சிக்கியிருக்கிறது, வெள்ளம் எப்போது வரும், எல்லாம். வேறு சக்தி இல்லை. ஓடி வந்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டும், அதுவும் கால்நடையாகத்தான். ஆட்கள் நம்ப மாட்டார்கள், அதுதான் அவளுடைய பிரச்சினை.

எங்கள் வாவிப் பாடுமீனின் பாட்டை அப்படித்தான் கேட்பார்கள் என்று அம்மம்மா சொன்னதில் இருந்து எடுத்தேன். ஆனால் நான் கேட்டதே இல்லை. கேட்காமல் எப்படி வரவுப் பாட்டு எழுதுவது? அதனால் பூரணை அன்று மாமாவோடு தோணியில் பழைய கல்லடிப் பாலத்துக்குக் கிட்டப் போனோம். புதுப் பாலத்தில் வாகனச் சத்தம். பத்து மணிக்குப் பிறகு குறைந்தது. மாமா துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டார். நான் காதை வைத்தேன். மரம் குளிராக இருந்தது. முதலில் என் இரத்தம் ஓடுகிற சத்தம்தான். மறுகா, கீழே எங்கேயோ, ஈர விரலால் கண்ணாடிக் கோப்பை விளிம்பைத் தேய்த்தால் வருகிற மாதிரி ஒன்று. நின்றது. திரும்ப வந்தது.

மாமா கேட்டார், கேட்குதா கா என்று. நான் கையைக் காட்டிப் பேசாமல் இருக்கச் சொன்னேன்.

முதல் இரண்டு வரி எழுதிவிட்டேன். மற்ற இரண்டும் ஓகஸ்டுக்குள் வரும்.